பழைய டிராக்டரில் கியர் லீவர் ஆட்டம்: நாக்கு முதல் லாக் பால் வரை தேய்ந்ததைச் சரிசெய்வது

பழைய டிராக்டரில் கியர் லீவர் தளர்ந்து ஆடினால் பெரும்பாலும் ஏதாவது ஒரு பாகம் மட்டும் தேய்ந்திருக்காது. லீவரின் உருண்டை, அடிமுனை நாக்கு, செலக்டர் ராடில் (லீவர் முன்பின் தள்ளும் தண்டு) நாக்கு நுழையும் வாய், ஃபோர்க்கை (ராடோடு சேர்ந்து கியரை நகர்த்தும் கவை) பூட்டும் ஸ்க்ரூ, ஃபோர்க்கின் பாதம் என்று ஐந்து இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது எல்லாம் சேர்ந்துதான் மேலே குமிழில் கையகல ஆட்டமாகத் தெரியும். எந்த இடத்தில் எவ்வளவு என்று அளக்காமல் வெல்டிங் ராடைக் கையில் எடுத்தால், நாக்கைத் தடிமனாக்கிவிட்டு ரிவர்ஸ் விழவில்லையே என்று மறுபடி அறுக்க வேண்டிவரும்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. லீவரின் உருண்டைக்கு மேலே 480 மி.மீ., கீழே 80 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். விகிதம் ஆறுக்கு ஒன்று. நாக்குக்கும் வாய்க்கும் நடுவில் அரை மி.மீ. இடைவெளி இருந்தால் குமிழில் 3 மி.மீ. ஆடும். அது புது வண்டியிலும் இருக்கும். அதே இடைவெளி 5 மி.மீ. ஆனால் குமிழில் 30 மி.மீ. உருண்டையின் தேய்மானம் இன்னும் பெரிதாகத் தெரியும். நாக்கு வாயில் நின்றபடி இருக்க, உருண்டை தன் இருக்கையில் 1 மி.மீ. பக்கவாட்டில் நகர்ந்தால் குமிழ் 7 மி.மீ. நகரும், ஏனென்றால் அப்போது லீவரின் முழு நீளமும் நாக்கை மையமாக வைத்துச் சாய்கிறது. உங்கள் லீவரின் இரண்டு நீளங்களையும் டேப்பில் அளந்து இந்த விகிதத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒவ்வொரு பாகத்தின் தேய்மானத்தையும் இதனால் பெருக்கிக் கூட்டிப் பார்த்தால், குமிழில் கண்ட மொத்த ஆட்டம் ஏறக்குறைய வர வேண்டும். வரவில்லை என்றால் எதையோ பார்க்கத் தவறிவிட்டீர்கள்.

திறக்கும் முன்பு

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். பேட்டரி ஒயரைக் கழற்றிவிடுங்கள். ஃபெர்குசன் டி.இ.20 போன்ற வண்டிகளில் கியர் லீவரை ‘எஸ்’ என்ற இடத்துக்குத் தள்ளினால்தான் ஸ்டார்ட்டர் இயங்கும். அப்படிப்பட்ட வண்டியில் லீவரைக் கழற்றும்போது பேட்டரி இணைப்பில் இருந்தால் என்ஜின் சுற்றிவிடும். அதே காரணத்தால், இந்த வண்டிகளில் நாக்கோ உருண்டையோ தேய்ந்தால் ‘ஸ்டார்ட்டர் பிடிக்கவில்லை’ என்ற புகாராகவும் அது வெளிப்படும். ஸ்டார்ட்டரை மாற்றுவதற்கு முன் லீவரைப் பாருங்கள்.

மூடியைச் சுற்றி இத்தனை வருடமாகப் படிந்த மண்ணையும் எண்ணெய்ப் பிசுக்கையும் டீசல், கம்பி பிரஷ் கொண்டு கழுவித் துடைத்தபின்தான் போல்ட்டில் ஸ்பேனர் வைக்க வேண்டும். மூடியைத் தூக்கும் நொடியில் அந்த மண் முழுவதும் கியர் பாக்ஸுக்குள்தான் விழும். ஃபோர்டு 8என் போன்ற வண்டிகளில் கியர் பாக்ஸுக்கும் ஹைட்ராலிக்கிற்கும் ஒரே எண்ணெய்தான். அங்கே விழுகிற மணலும் கிரைண்டர் தூளும் கியரோடு நிற்காமல் ஹைட்ராலிக் பம்பையும் தின்றுவிடும்.

பேட்டரியைக் கழற்றும் முன்பே இன்னொரு சோதனையும் செய்துவிடலாம். என்ஜின் ஓட, வண்டி நிற்கும்போது எந்த கியர் போட்டாலும் கரகரவென்று பல் உரசினால், அது கிளட்ச் முழுதாக விடவில்லை என்பதற்கான அடையாளம். லீவர் வேலை அதைச் சரிசெய்யாது. பெடலின் ஆட்டத்தைக் கையேட்டு அளவுக்குக் கொண்டுவந்துவிட்டுப் பிறகு வாருங்கள்.

எது தேய்ந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது

அறிகுறிகளை வைத்தே பாதி முடிவு கட்டிவிடலாம். லீவர் தன்னைத்தானே சுற்றிக்கொள்கிறது என்றால், உருண்டையின் பக்கத்தில் இருக்கும் திருகல் தடுப்பு பின் உடைந்திருக்கிறது, அல்லது அது நிற்கும் வெட்டு அகன்றுவிட்டது. லீவர் கியரில் இருக்கும்போதே நாக்கு வாயிலிருந்து நழுவி வெளியே வந்துவிடுகிறது, பிறகு எந்த கியரும் அகப்படவில்லை என்றால் நாக்கின் நீளமும் உருண்டையின் இருக்கையும் தேய்ந்திருக்கின்றன. ஒரே நேரத்தில் இரண்டு கியர் விழுந்து வண்டி பூட்டிக்கொள்கிறது என்றால் நாக்கு ஒல்லியாகி இரண்டு வாய்களை ஒருசேர இழுக்கிறது, கூடவே இன்டர்லாக்கும் (ஒரு ராடு நகரும்போது மற்றதைப் பூட்டி வைக்கும் பின்) தேய்ந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் இது நடக்கும்.

அப்படிப் பூட்டிக்கொண்ட வண்டியைக் கயிறு கட்டி இழுத்து விடுவிக்கப் பார்க்காதீர்கள், பல்தான் உடையும். மூடியைத் தூக்கி, செலக்டர் ராடுகளின் வாய்களைத் தடித்த ஸ்க்ரூடிரைவரால் நெம்பி ஒரே வரிசைக்குக் கொண்டுவாருங்கள். எல்லா வாய்களும் நேர்கோட்டில் வந்தால் அதுதான் நியூட்ரல்.

கியர் ஓட்டத்தில் கழன்று விழுவது வேறு நோய். ராடின் பள்ளத்தில் விழுந்து கியரை நிறுத்தி வைக்கும் எஃகுக் குண்டுதான் லாக் பால். ஆளாளுக்கு அதன் ஸ்பிரிங்கைக் குற்றம் சொல்வார்கள். ஸ்பிரிங்கும் காரணமாக இருக்கலாம். ஆனால் பல் சரிவாகத் தேய்ந்திருந்தாலும், ஷாஃப்ட் பேரிங் தளர்ந்து ஷாஃப்ட் முன்பின் ஓடினாலும், ஃபோர்க் பூட்டு ஸ்க்ரூ தளர்ந்து கியர் முக்கால் பங்கு மட்டும் ஏறினாலும் இதே விளைவுதான். ஒரே ஒரு கியர் மட்டும், அதுவும் மேடு இறங்கும்போது மட்டும் கழன்றால் பல்லைச் சந்தேகிக்கலாம். ஒரே செலக்டர் ராடில் இருக்கும் இரண்டு கியரும் கழன்றால் அந்த ராடின் லாக் பால், அல்லது அதன் ஃபோர்க். லீவரின் தண்டு சீட்டிலோ தரைத் தகட்டிலோ முட்டி முழு தூரம் போகாமல் நிற்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். யாரோ ஒருமுறை வளைத்த லீவரால் இப்படி ஆவது உண்டு.

லீவரைக் கழற்றி அளப்பது

லீவர் மூடியில் ஸ்பிரிங் அழுத்தத்தில் நிற்கும். சில வண்டிகளில் மேலே திருகு மூடி, சிலவற்றில் அடியில் ஸ்பிரிங்கும் வளைய கிளிப்பும். ஸ்டியரிங் பெட்டியே கியர் பாக்ஸின் மூடியாக இருக்கும் வண்டிகளில் அதையும் சேர்த்துத் தூக்க வேண்டும். எடை அதிகம், ஒற்றை ஆளாக முயல வேண்டாம். மூடி வெளியே வந்ததும் கியர் பாக்ஸின் வாயை நூல் பிரியாத துணியால் மூடிவிடுங்கள்.

இப்போது வெர்னியர். நாக்கின் தடிமனை முன்பின் திசையிலும் பக்கவாட்டிலும் அளந்து எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு வாயின் அகலத்தையும் தனித்தனியாக அளங்கள். தேயாத அசல் அளவு எங்கே கிடைக்கும் என்றால், அந்தப் பாகத்திலேயே கிடைக்கும். வாயின் அடி மூலையில் நாக்கு தொடாத ஒரு கோடு இருக்கும், அங்கே பழைய அளவு அப்படியே நிற்கும். நாக்கிலும் வாய்க்குள் நுழையாத மேல் பகுதியில் அடையாளம் கிடைக்கும். ரிவர்ஸ் கியரின் வாய் அதிகம் பயன்படாததால் அநேகமாகப் புதிதாகவே இருக்கும். கையேடு கிடைக்காத வண்டிக்கு ரிவர்ஸ் வாய்தான் கையேடு.

உதாரணத்துக்கு, ரிவர்ஸ் வாய் 16.0 மி.மீ., முதல் கியர் ராடின் வாய் 16.8, அதிகம் ஓடிய ராடின் வாய் 18.5, நாக்கு 13.2 என்று வந்தால் செய்ய வேண்டியது தெளிவாகிவிடும். நாக்கை 18.5க்குத் தடிமனாக்க முடியாது, ரிவர்ஸில் நுழையாது. நாக்கு 15.6 வரைதான் போகலாம். மீதி 2.9 மி.மீ. ஆட்டம் அந்தத் தேய்ந்த வாயில் இருக்கிறது, குமிழில் அது 17 மி.மீ. அதை வாயில்தான் சரிக்கட்ட வேண்டும். முதல் கியரின் 16.8ஐ அப்படியே விட்டுவிடலாம்.

நாக்கைக் கட்டுவது

நாக்கு அனேகமாக அடித்துச் செய்த நடுத்தரக் கார்பன் எஃகு. அதை வெல்டிங்கில் தாராளமாகக் கட்டலாம். ஒரே நிபந்தனை, லீவரை வண்டியில் வைத்தபடியே வெல்டிங் செய்யக் கூடாது. கரன்ட் பேரிங்குகள் வழியாகப் பாய்ந்து அவற்றின் உருளைகளில் புள்ளி புள்ளியாகக் குழி விழும்.

நாக்கை மண்ணெண்ணெயில் கழுவி, பளபளப்பாகத் தேய்ந்த தோலை அரம் அல்லது கிரைண்டரால் அரை மி.மீ. எடுத்துவிடுங்கள். அந்தத் தோலில் எண்ணெய் ஊறியிருக்கும், மேலே வெல்டிங் வைத்தால் குமிழி குமிழியாக ஓட்டை விழும். கேஸ் விளக்கில் 150 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குங்கள். 7018 வகை ராடு, 2.5 மி.மீ. தடிமன், 70 முதல் 90 ஆம்பியர். டி.சி. மெஷின் என்றால் ராடு பாசிட்டிவில். பெட்டி பிரித்து நாளான ராடு ஈரம் பிடித்திருக்கும். அதை 300 டிகிரி அடுப்பில் ஒரு மணி நேரம் காய்ச்சிவிட்டுப் பயன்படுத்துங்கள். ஈரமான ராடில் கட்டிய நாக்கு முதல் உழவிலேயே மயிரிழை விரிசல் காட்டும்.

20 மி.மீ.க்கு மேல் நீளாத சிறு வரிகளாக, ஒரு முகம் மாற்றி மறுமுகம் என்று வைத்துக்கொண்டே போங்கள். ஒவ்வொரு வரியின் கசடையும் தட்டிச் சுத்தம் செய்தபின் அடுத்தது. தேவையான அளவைவிட எல்லாப் பக்கமும் 1.5 மி.மீ. கூடுதலாக வந்ததும் நிறுத்தி, உலர்ந்த சாம்பலிலோ மணலிலோ புதைத்து மெல்ல ஆறவிடுங்கள். தண்ணீரில் முக்குவது கூடாது. எஃகு கடினமாகி நொறுங்கும்.

கடைசி அடுக்குக்குக் கலப்பைக் கொழுவுக்குப் போடும் கடின ராடைப் போடலாமா என்ற கேள்வி எப்போதும் வரும். வேண்டாம். அந்தக் கடினப் பரப்பு அரத்துக்கு மசியாது, அதைவிட முக்கியமாக வாய்களை அரித்துத் தின்னும். லீவரைக் கழற்றுவது ஒரு மணி நேர வேலை, செலக்டர் ராடுகளை இறக்குவது ஒரு நாள் வேலை. தேய வேண்டுமானால் நாக்குதான் தேய வேண்டும். 7018 வைத்த கட்டு அதற்குப் போதும்.

வடிவம் கொடுக்கும்போது நாக்கின் முன்பின் முகங்களைத் தட்டையாக விடாதீர்கள். லீவர் வளைவில் ஊசலாடுகிறது. தட்டை முகம் வாயின் இரண்டு மூலைகளில் கடித்துக்கொள்ளும். பீப்பாயைப் போல நடுவில் லேசான புடைப்பு இருக்க வேண்டும். மிக இறுக்கமான வாயில், அதாவது ரிவர்ஸில், மொத்த இடைவெளி 0.3 முதல் 0.5 மி.மீ. வரும்வரை அரத்தால் இழுங்கள். கிரைண்டரை இந்தக் கட்டத்தில் ஒதுக்கி வையுங்கள்.

நீளமும் கணக்கில் உண்டு. வாயின் அடியில் களிமண் அல்லது மெழுகு வைத்து, கேஸ்கெட்டோடு மூடியைப் போல்ட் போட்டு இறுக்கி, லீவரை நியூட்ரலில் அசைத்துவிட்டுத் திறந்து பாருங்கள். களிமண்ணின் மிச்சத் தடிமன் 1.5 முதல் 2 மி.மீ. இருந்தால் நல்லது. நாக்கு அடியைத் தொட்டால் லீவர் உருண்டையை இருக்கையிலிருந்து தூக்கிவிடும். 5 மி.மீ. இடைவெளி இருந்தால் மேட்டில் குலுங்கும்போது நாக்கு வாயைத் தாண்டி நழுவும். கேஸ்கெட்டை மாற்றினால் இந்த அளவும் மாறும் என்பதால் கடைசியாகப் போடப்போகும் கேஸ்கெட்டையே வைத்துச் சோதியுங்கள்.

உருண்டையும் அதன் இருக்கையும்

உருண்டையை மூன்று நான்கு கோணங்களில் அளந்தால் அது முட்டை வடிவமாகியிருப்பது தெரியும். வித்தியாசம் அரை மி.மீ.க்குள் என்றால் தொட வேண்டியதில்லை, ஸ்பிரிங்கை மாற்றினாலே போதும். அதற்கு மேல் போனால் நாக்குக்குச் சொன்ன அதே முறையில் சுற்றிலும் கட்டி, லேத்தில் கடைந்துகொள்ளலாம். லேத்தில் வளைந்த லீவரைப் பிடிக்க முடியாது என்றால், 1.5 மி.மீ. தகட்டில் உருண்டையின் விட்டத்துக்கு அரைவட்டம் வெட்டி, அதை அச்சாக வைத்துக் கையால் அரமிடலாம். கடைசியில் இருக்கையில் கிரைண்டிங் பசை தடவி, லீவரை வைத்துச் சுழற்றி உரசவிடுங்கள். வால்வு சீட்டிங் செய்வது போலத்தான். பளபளப்பான வளையம் முழுச் சுற்றும் தெரிந்தால் முடிந்தது. பசையை ஒரு துளி இல்லாமல் கழுவ வேண்டும்.

மூடியின் இருக்கை வார்ப்பிரும்பு. அது அகன்றுபோயிருந்தால் வெல்டிங் வேண்டாம், விரிசல் விடும். போரிங் செய்து வெண்கல வளையம் ஒன்றை அழுத்திப் பொருத்தி, அதிலேயே கிண்ண வடிவம் கடைவது நீடித்து நிற்கும். வளையத்தின் சுவர் 4 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும்.

திருகல் தடுப்பு பின்னை மறக்காதீர்கள். கடினமான எஃகுப் பின், கையால் அழுத்தினால் உள்ளே போகாத இறுக்கம். அது நிற்கும் வெட்டு அகன்றிருந்தால் பின்னைப் பெரிதாக்குங்கள், வெட்டைக் கட்ட முயல்வதைவிட அது எளிது.

வாய்களும் ஃபோர்க்குகளும்

இங்கே முதல் கேள்வி, இரும்பு எந்த வகை என்பது. பயன்படாத மூலையில் உளியால் லேசாகச் செதுக்குங்கள். சுருள் சுருளாக வந்தால் எஃகு. பொடிப்பொடியாக உதிர்ந்தால் வார்ப்பிரும்பு. கிரைண்டரில் தொட்டாலும் தெரியும். எஃகின் பொறி நீளமாகப் பிரகாசமாகக் கிளைவிடும், வார்ப்பிரும்பின் பொறி குட்டையாக மங்கிய சிவப்பில் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வகை இருக்கிறது, வளையக்கூடிய வார்ப்பிரும்பு. அதை ஆர்க் வெல்டிங்கில் உருக்கினால் அந்த இடம் கண்ணாடியைப் போல நொறுங்கும் வெள்ளை இரும்பாகிவிடும். சந்தேகம் இருந்தால் வார்ப்பிரும்பு என்றே நடத்துங்கள். எஃகு என்று உறுதியானால் நாக்குக்குச் சொன்னதுதான் இதற்கும்.

வார்ப்பிரும்புக்குக் கேஸில் வெண்கல ராடு வைப்பதே சிறந்தது. நிக்கல் ராடும் ஒட்டும். ஆனால் ஃபோர்க்கின் பாதமும் வாயும் உரசுகிற பரப்புகள், எஃகோடு உரசுவதற்கு வெண்கலம் இயல்பாகவே பொருந்தும். தேய்ந்த பரப்பை அரத்தால் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். கிரைண்டர் கல் இரும்பிலுள்ள கிராஃபைட்டை மேலே இழுத்து மெழுகிவிடும், பிறகு வெண்கலம் ஒட்டாமல் முத்து முத்தாக உருளும். கிரைண்டர் பட்டுவிட்டது என்றால் பரப்பை மங்கிய சிவப்பு வரை ஒருமுறை காய்ச்சி, ஆறியதும் கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள்.

முழு ஃபோர்க்கையும் 300 டிகிரி வரை சூடேற்றிவிட்டு, வேலை செய்யும் இடத்தை மட்டும் மங்கிய சிவப்புக்குக் கொண்டுபோங்கள். ஃபிளக்ஸ் பூசிய ராடு தொட்டதும் உருகிப் பரவ வேண்டும். பரவாமல் நின்றால் சூடு போதவில்லை. ராடிலிருந்து வெண்புகை கிளம்பினால் சூடு மிகுந்து துத்தநாகம் எரிகிறது. அந்தப் புகை காய்ச்சல் கொடுக்கும், காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். முடிந்ததும் உலர்ந்த சுண்ணாம்புப் பொடியிலோ சாம்பலிலோ முழுதாகப் புதைத்துவிட்டு மறுநாள் எடுங்கள்.

ஃபோர்க்கின் பாதத்தை எவ்வளவு தடிமனாக்குவது? கியரில் பாதம் நிற்கும் காடியைத்தான் அளக்க வேண்டும், பழைய பாதத்தை அல்ல. காடியின் அகலத்தைச் சுற்றில் நான்கு இடத்தில் அளந்து, மிகக் குறைந்த அளவிலிருந்து 0.2 முதல் 0.3 மி.மீ. கழித்தால் அதுவே பாதத்தின் தடிமன். இரண்டு பாதமும் ஒரே தடிமனில் மட்டுமல்ல, ஒரே தளத்திலும் இருக்க வேண்டும். ஃபோர்க்கை அதன் ராடில் மாட்டி, இரண்டு வி-பிளாக்கில் ராடைக் கிடத்தி, தட்டையான மேசையில் மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். ஒரு பாதம் மட்டும் தேய்ந்து மற்றது புதிதாக இருந்தால் ஃபோர்க் வளைந்திருக்கிறது என்று அர்த்தம். எஃகு ஃபோர்க்கைப் பிரஸ்ஸில் வைத்துக் குளிர்ந்த நிலையிலேயே சிறிது சிறிதாக நிமிர்த்தலாம். வார்ப்பிரும்பை நிமிர்த்த முயன்றால் இரண்டு துண்டு மிஞ்சும்.

ஓட்டும்போது கியர் லீவரில் கை வைத்தபடி இருப்பதுதான் பாதங்களைத் தின்னும் பழக்கம். கையின் எடை ஆறு மடங்காகப் பெருகி, சுழலும் காடியில் பாதத்தை இடைவிடாமல் அழுத்துகிறது.

ஃபோர்க்கை ராடில் பூட்டும் ஸ்க்ரூவின் கூர்முனை ராடிலுள்ள குழியில் சரியாக உட்கார வேண்டும். குழி நீள்வட்டமாகியிருந்தால் புது ஸ்க்ரூ போட்டும் பயன் இல்லை. குழியை அதே கோணத்தில் அரை மி.மீ. ஆழப்படுத்தி, முனை நீளமான ஸ்க்ரூ போடுங்கள். இறுக்கியபின் தலையின் துளையில் மிருதுவான இரும்புக் கம்பி கோத்துக் கட்டுங்கள். கம்பியின் இழுப்பு ஸ்க்ரூவை இறுக்கும் திசையில் இருக்க வேண்டும். எதிர்த் திசையில் கட்டிய கம்பியால் பயன் ஏதும் இல்லை. கம்பிக்குப் பதில் லாக் பசை மட்டும் போடுவதை விட்டுவிடுங்கள், எண்ணெயில் ஊறிய பழைய மரையில் அது பிடிக்காது.

செலக்டர் ராடு, லாக் பால், ஸ்பிரிங்

ராடை வெளியே இழுக்கும்போது லாக் பால் ஸ்பிரிங்கின் விசையில் தோட்டா மாதிரி பறக்கும். கண்ணாடி அணிந்து, துளையைத் துணியால் மூடிக்கொண்டே இழுங்கள். ஒவ்வொரு பாலையும் எண்ணி டப்பாவில் போடுங்கள். ஒரு பால் குறைந்தால், அது கியர் பாக்ஸில்தான் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, காந்தக் கம்பியால் கிடைக்கும்வரை தேடுங்கள். ராடுகள் ஒன்றுபோல இருந்தாலும் ஒன்றல்ல. எது எந்தத் துளை, எந்த முனை முன்பக்கம் என்று பெயின்ட் புள்ளி வையுங்கள்.

ஸ்பிரிங்குகளின் நீளத்தை வரிசையாக நிறுத்தி ஒப்பிடுங்கள். மிக நீளமானதே அசலுக்கு அருகில். விசையை ஒப்பிட ஒரு எளிய வழி, இரண்டு ஸ்பிரிங்குகளை முனையோடு முனை வைத்து, நடுவில் ஒரு வாஷர் கொடுத்து, உள்ளே ஒரு கம்பியைச் செருகி வைஸில் அழுத்துவது. வலுவிழந்தது அதிகம் சுருங்கும். வலுவிழந்ததற்கு அடியில் 1 மி.மீ. வாஷர் போட்டு ஓட்டுவது அறுவடை நேரத்து அவசரத்துக்குச் சரி. மறுசீரமைப்பில் எல்லா ஸ்பிரிங்கையும் ஒன்றாக மாற்றுவதே முறை. வலுவான ஸ்பிரிங் போட்டால் கியர் கழலாதே என்று நினைத்து மிகக் கடினமானதைப் போட்டால் லீவர் மாட்டாது, கையால் அடித்து மாட்டுவார்கள், அந்த அடி முழுவதும் ஃபோர்க்குக்குப் போகும்.

பால்களை மைக்ரோமீட்டரில் அளந்து, அதே விட்டத்தில் பேரிங் பால் வாங்குங்கள். பழைய அமெரிக்க, பிரிட்டிஷ் வண்டிகளில் அங்குல அளவுதான் இருக்கும். 3/8 அங்குலம் என்றால் 9.525 மி.மீ. அருகில் கிடைக்கிறதே என்று 10 மி.மீ. போட்டால் துளையில் சிக்கிக்கொள்ளும்.

ராடின் பள்ளங்களைப் பாருங்கள். பால் விழும் பள்ளத்தின் இரண்டு சரிவும் கூராக இருக்க வேண்டும். நியூட்ரல் பக்கத்துச் சரிவு மட்டும் மழுங்கியிருந்தால் அந்த கியர் வெகுநாளாகக் கழன்றுகொண்டிருந்தது என்று அர்த்தம். பாலின் ஆரம் கொண்ட சிறு கல்லால் 0.3 மி.மீ. வரை சரிவைக் கூராக்கலாம். அதற்கு மேல் போனால் மேல்தோலின் கடினம் போய்விடும், சில மாதத்தில் பழைய நிலைக்கே வரும். மழுக்கம் அதிகம் என்றால் புது ராடு செய்ய வேண்டியதுதான். இ.என்.8 எனும் நடுத்தரக் கார்பன் எஃகில் கடைந்து, பள்ளங்களை வெட்டியபின் மேல்தோலைக் கடினமாக்கி, கடைசியில் கிரைண்டிங்கில் விட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். பள்ளங்களின் நடு இடைவெளிதான் கியர் எவ்வளவு ஏறும் என்பதைத் தீர்மானிக்கிறது. அதில் 0.1 மி.மீ.க்கு மேல் பிசகக் கூடாது. தேய்ந்த பள்ளத்தின் விளிம்பை அளந்தால் தவறான எண் வரும். இரண்டு பள்ளத்திலும் பால்களை வைத்து, பால்களின் வெளிப்புறத்துக்கு அளந்து, ஒரு பாலின் விட்டத்தைக் கழியுங்கள்.

இன்டர்லாக்

ஒரு ராடு நகர்ந்தால் பக்கத்து ராடு நகரக் கூடாது. இதற்காக ராடுகளுக்கு நடுவில் ஒரு பின் அல்லது பால்கள் இருக்கும். எல்லாப் பாகங்களிலும் இதுதான் சிறியது, இது தவறினால்தான் கியர் பாக்ஸ் உடைகிறது.

பின்னின் நீளத்துக்குச் சூத்திரம் உண்டு. இரண்டு ராடுகளின் பரப்புகளுக்கு நடுவிலுள்ள தூரத்தோடு ஒரு பள்ளத்தின் ஆழத்தைக் கூட்டி, 0.2 மி.மீ. கழிக்கவும். 16 மி.மீ. ராடுகள் 40 மி.மீ. நடு இடைவெளியில் இருந்தால் பரப்புகளுக்கு நடுவே 24 மி.மீ. பள்ளம் 4 மி.மீ. ஆழம். பின் 27.8 மி.மீ. இருக்க வேண்டும். இரு முனையும் மழுங்கி 26 ஆகிவிட்டால் பள்ளத்துக்குள் 2 மி.மீ. மட்டுமே நீட்டியிருக்கும், பக்கத்து ராடு சரிவில் ஏறித் தப்பித்துவிடும்.

மூன்று ராடு உள்ள பெட்டியில் நடு ராடின் குறுக்கே ஒரு துளையும் அதில் ஒரு குட்டிப் பின்னும் இருக்கும். ஓர ராடு நகரும்போது அதன் பக்கத்துப் பால் நடு ராடுக்குள் தள்ளப்பட்டு, குட்டிப் பின்னைத் தள்ளி, அது மறுபக்கத்துப் பாலைத் தள்ளி, எதிர் ஓர ராடைப் பூட்டுகிறது. கழற்றும்போது இந்தக் குட்டிப் பின் கவனிக்காமல் விழுந்துபோகும். மாட்டும்போது இல்லாதது தெரியாது. கியர் எல்லாம் விழும், வண்டியும் ஓடும், என்றாவது ஒருநாள் இரண்டு ஓர கியரும் ஒன்றாக ஏறும்.

மாட்டும்போது பால்களையும் பின்களையும் தடித்த கிரீஸால் துளையில் ஒட்டவைத்து, மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் உள்ளே அழுத்தியபடி ராடைச் செலுத்துங்கள். எல்லா ராடும் ஏறியதும் சோதனை: ஒன்றைக் கியருக்குத் தள்ளி, மற்ற ஒவ்வொன்றையும் நெம்பிப் பாருங்கள். மயிரிழை அசைவுக்கு மேல் இருக்கக் கூடாது. ஒவ்வொரு ராடுக்கும், இரண்டு திசையிலும் செய்ய வேண்டும்.

மூடுவதற்கு முன்

மூடி இன்னும் திறந்திருக்கும்போதே ஒவ்வொரு கியரையும் போட்டு, ஷாஃப்டைக் கையால் சுற்றி, பற்கள் முழு அகலத்துக்கும் சேர்கின்றனவா என்று பாருங்கள். பல்லில் தடம் பார்க்கும் நீலச் சாயம் தடவிச் சுற்றினால் தடம் தெளிவாகத் தெரியும். கால் பங்கு பல் தடமில்லாமல் நின்றால் ஃபோர்க் ராடில் தவறான இடத்தில் பூட்டியிருக்கிறது, அல்லது நீங்கள் கட்டிய பாதம் ஒரு பக்கமாகத் தடித்திருக்கிறது. அந்தந்த கியரில் பால் பள்ளத்தின் அடியில் உட்கார்ந்திருக்க வேண்டும். பாதி சரிவில் நின்றால் ஓட்டத்தில் கழலும்.

லீவரின் அடியில் உள்ள ரப்பர் உறை கிழிந்திருந்தால் கட்டாயம் மாற்றுங்கள். மழைநீர் லீவரின் தண்டு வழியே நேராகக் கியர் பாக்ஸுக்குள் இறங்கும். மறுசீரமைப்புக்கு வரும் வண்டிகளில் எண்ணெய் பால் நிறத்தில் இருப்பதற்கும், செலக்டர் ராடுகள் துருப்பிடித்து இறுகியிருப்பதற்கும் அடிக்கடி இந்தக் கிழிந்த உறைதான் காரணம். துருப்பிடித்த ராடை மிக நுண்ணிய உப்புத்தாளில் எண்ணெய் தொட்டுத் தேயுங்கள், பள்ளங்களின் விளிம்பில் தாள் படாமல்.

எண்ணெய் கையேடு சொல்லும் தடிமனிலேயே இருக்கட்டும். உள்ளே வெண்கல வளையமும் வெண்கலப் பாதமும் வைத்திருக்கிறீர்கள் என்பதால் ஜி.எல்.-5 தரக் கியர் எண்ணெயைத் தவிருங்கள். அதிலுள்ள கந்தகச் சேர்மானம் மஞ்சள் உலோகத்தை அரிக்கும். ஜி.எல்.-4 அல்லது பழைய வண்டிகளுக்கான ஜி.எல்.-1 பொருந்தும்.

முதல் ஓட்டம் காலி வண்டியில், குறைந்த கியரில். ஒவ்வொரு கியரிலும் சிறு மேட்டில் ஏறி இறங்குங்கள். இறங்கும்போது ஆக்ஸிலரேட்டரை விட்டால் விசை திசை மாறும், கழல வேண்டிய கியர் அப்போதுதான் கழலும். பத்து மணி நேரம் ஓடியபின் எண்ணெயை வடித்து, வடிகால் பிளக்கைத் துடைத்துப் பாருங்கள். சாம்பல் நிறப் பசை இருந்தால் புதுப் பரப்புகள் படிந்த தூள், கவலை வேண்டாம். மஞ்சள் மினுக்கம் கண்டால் வெண்கலப் பாதம் எங்கோ இறுக்கமாக உரசுகிறது. ஊசி ஊசியான எஃகுச் சில்லு கண்டால் அன்றே மூடியைத் திறந்துவிடுங்கள்.